ஆலோசனை சொன்னால் போதுமா? பதில் யார் சொல்வது?

கோலாலம்பூர், தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் ஜாலான் ஆதி நாகப்பன் என்றொரு சாலை இருக்கிறது. வாரக் கடைசியில் அங்கே காரை நிறுத்த இடம் தேடி அலைந்தவர்கள் அந்தப் பெயர்ப் பலகையைப் பார்த்திருப்பார்கள். பினாங்கில் ஜாலான் டி.எஸ். இராமநாதன் என்றொரு சாலை உண்டு. முன்பு அது ஸ்காட் சாலை. இரண்டும் தமிழர் பெயர்கள். அந்த இருவரும் ஒரே ஆணையத்தில் அமர்ந்து, நம் ஊர்களை யார் நிர்வகிக்க வேண்டும் என்று அரசாங்கத்துக்கு ஆலோசனை சொன்னார்கள் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அவர்கள் சொன்னதை அரசாங்கம் ஏற்கவில்லை. ஏற்றிருந்தால், இன்று உங்கள் தாமானின் கால்வாய் அடைத்துக்கொண்டால் யாரிடம் போவது என்று நீங்கள் வாட்சாப் குழுவில் கேட்டுக்கொண்டிருக்க மாட்டீர்கள். நீங்கள் வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஒருவர் இருந்திருப்பார்.

இங்கேதான் ஒரு பழைய கேள்வி எழுகிறது. நகரத்தை நடத்த ஒரு மன்றம் இருக்கிறது. அதற்கு ஆலோசனை சொல்ல ஆணையங்கள், நிபுணர் குழுக்கள், ஆலோசனை வாரியங்கள் இருக்கின்றன. இவர்கள் சொல்லுக்கு எவ்வளவு வலு இருக்க வேண்டும்? சொன்னதை மன்றம் கேட்டே ஆக வேண்டுமா? கேட்காமல் ஒதுக்கிவிடலாமா? இரண்டுக்கும் நடுவில் ஏதேனும் வழி உண்டா? இந்த மூன்றுக்கும் நம் நாட்டு வரலாற்றிலேயே எடுத்துக்காட்டுகள் இருக்கின்றன.

வாக்குப் போட்ட காலம்

இன்று 18 வயதானவுடன் வாக்காளராகிவிடுகிறோம். நாடாளுமன்றத்துக்கு ஒரு வாக்கு, சட்டமன்றத்துக்கு ஒரு வாக்கு. ஆனால் குப்பை அள்ளுவது, தெருவிளக்கு, கால்வாய், பசார் மாலாம் உரிமம், கடை உரிமம், கட்டட அனுமதி, பக்கத்துத் திடலில் அடுக்குமாடி வருமா வராதா என்பது வரை அன்றாடம் நம்மைத் தொடுகிற முடிவுகளை எடுப்பது ஊராட்சி மன்றம். நாடு முழுவதும் 150-க்கும் மேற்பட்ட ஊராட்சி மன்றங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு மட்டும் நமக்கு வாக்கு இல்லை. மதிப்பீட்டு வரி கட்டும் கடமை மட்டும் உண்டு.

முன்பு அப்படி இல்லை. பினாங்கில் 1857-லேயே நகராண்மை உறுப்பினர்களுக்குத் தேர்தல் நடந்தது. 1913-இல் காலனி அரசாங்கம் அதை நிறுத்தியது. போருக்குப் பிறகு, 1951 டிசம்பரில் ஜார்ஜ்டவுன் மக்கள் மீண்டும் வாக்குச் சாவடிக்குப் போனார்கள். நாடாளுமன்றத் தேர்தல் என்பது அப்போது மலாயாவில் யாரும் கண்டிராத ஒன்று. அடுத்து, 1952 பிப்ரவரியில் கோலாலம்பூர் நகராண்மைத் தேர்தல். அதில் அம்னோவும் மசீசவும் கைகோத்து 12 இடங்களில் ஒன்பதைப் பிடித்தன. பின்னாளில் நாட்டையே ஆண்ட கூட்டணி ஒரு நகராண்மைத் தேர்தலில்தான் பிறந்தது.

1957 ஜனவரி முதல் நாள் ஜார்ஜ்டவுன் மாநகர் தகுதி பெற்றது. அதன் முதல் மேயர் டி.எஸ். இராமநாதன், தொழிலாளர் கட்சிக்காரர். ஈப்போவில் சீனிவாசகம் சகோதரர்களின் மக்கள் முற்போக்குக் கட்சி நகர மன்றத்தைக் கைப்பற்றியது. ஈப்போவின் டி.ஆர். சீனிவாசகம் பூங்கா இன்றும் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. மத்தியில் ஒரு கட்சி, மாநகரில் வேறு கட்சி என்பது அன்றைய வழக்கம். மத்திய அரசாங்கத்துக்கு அது உவப்பாக இருந்திருக்காது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இதையெல்லாம் பொற்காலம் என்று பாடிவிடவும் கூடாது. ஜார்ஜ்டவுன், சிரம்பான், ஜொகூர் பாரு போன்ற இடங்களில் முறைகேடு, சீர்கேடு என்று குற்றச்சாட்டுகள் எழுந்தன. அவற்றைக் காரணம் காட்டி மாநில அரசாங்கங்கள் அந்த மன்றங்களின் பொறுப்புகளைத் தம் கையில் எடுத்துக்கொண்டன. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் எல்லாரும் உத்தமர்கள் அல்லர். அதை மறைத்துவிட்டுப் பேசினால் இந்தக் கேள்விக்கு நேர்மையான விடை கிடைக்காது.

ஓர் ஆணையம், ஓர் அறிக்கை

1965 மார்ச் முதல் நாள், இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அமைதி திரும்பியதும் தேர்தல் நடக்கும் என்று பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் நாடாளுமன்றத்தில் உறுதி கூறினார். 1966 ஆகஸ்டில் மோதல் முடிந்தது. தேர்தல் வரவில்லை.

அதற்கு முன்பே, 1965-இல், மேற்கு மலேசியாவின் ஊராட்சி மன்றங்கள் எப்படி இயங்குகின்றன என்று ஆராய ஓர் அரச விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. தலைவர், ம.இ.கா.வின் முன்னணித் தலைவர்களில் ஒருவரும் வழக்கறிஞருமான செனட்டர் ஆதி நாகப்பன். நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் பணியாற்றிய ஜானகி ஆதி நாகப்பனின் கணவர். உறுப்பினர்களில் ஒருவர், ஜார்ஜ்டவுனின் முன்னாள் மேயர் டி.எஸ். இராமநாதன். ஒருவர் ஆளும் கூட்டணிக்காரர். மற்றவர் எதிர்க்கட்சியின் சார்பில் மாநகரை நடத்திப் பார்த்தவர்.

அப்போது மேற்கு மலேசியாவில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட ஊராட்சி அமைப்புகள் இருந்தன. சில பெரியவை, சில ஒரு புதுக்கிராமத்துக்கு மட்டுமானவை. சிலவற்றில் தேர்தல், சிலவற்றில் நியமனம். ஒன்றின் விதி மற்றொன்றுக்குப் பொருந்தாது. இந்தச் சிக்கலைப் பிரித்தெடுத்து ஆணையம் 1968-இன் இறுதியில் தன் வேலையை முடித்தது. குறைகளை அது மூடி மறைக்கவில்லை. ஆனால் குறைகளுக்கு மருந்து தேர்தலை ஒழிப்பதல்ல, அமைப்பைச் சீர்செய்வதுதான் என்றது. சிறு அமைப்புகளை இணைத்து வலுவான மன்றங்களாக்க வேண்டும், அவற்றை மக்கள் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரையின் சாரம்.

மறு ஆண்டு மே 13 கலவரம். நாடாளுமன்றம் முடங்கியது. அறிக்கை மக்கள் கைக்கு வந்தபோது எழுபதுகள் பிறந்துவிட்டன. அரசாங்கம் பரிந்துரையின் ஒரு பாதியை எடுத்துக்கொண்டது. மறு பாதியை விட்டுவிட்டது. அமைப்புகளை இணைப்பது சரி, தேர்தல் வேண்டாம் என்றது. நாடாளுமன்றம், சட்டமன்றம் என்று ஏற்கெனவே இரண்டு அடுக்குத் தேர்தல் இருக்கும்போது மூன்றாவது அடுக்கு மிகை என்பது அதன் வாதம். 1973-இல் ஒரு தற்காலிகச் சட்டம் வந்தது. பிறகு வந்த 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது.

சட்டப்படி ஆணையத்துக்கு இருந்தது பரிந்துரைக்கும் அதிகாரம் மட்டுமே. அதை ஏற்பதும் விடுவதும் அரசாங்கத்தின் உரிமை. அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஆணையத்தின் பரிந்துரையால் நன்மை பெற வேண்டியவர்கள் ஊர் மக்கள். அந்தப் பரிந்துரை ஒதுக்கப்பட்டபோது, அந்த ஊர் மக்கள் கையில் ஊராட்சி வாக்கு இல்லை. ஏன் ஒதுக்கினீர்கள் என்று கேட்க ஒரு மன்றமும் அவர்களுக்கு இல்லை. வாக்காளர் பின்னால் இல்லாத ஆலோசனை அலமாரிக்குப் போய்விடுகிறது.

கட்டளையிடும் மன்றம்

இனி எதிர்முனையைப் பார்ப்போம். நம் கூட்டரசு அரசியலமைப்பில் 95A என்றொரு பிரிவு இருக்கிறது. 1960-இல் சேர்க்கப்பட்டது. தேசிய ஊராட்சி மன்றம் என்ற அமைப்பை உருவாக்கியது அதுதான். ஒரு கூட்டரசு அமைச்சர் தலைவர். ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு பிரதிநிதி. கூட்டரசு அரசாங்கத்தின் சார்பில் பத்துப் பேர் வரை.

பெயரைக் கேட்டால் கலந்துபேசும் இடம் போலத் தோன்றும். கலந்துபேசவும்தான் செய்கிறார்கள். ஆனால் அங்கே வகுக்கப்படும் ஊராட்சிக் கொள்கையை மாநில அரசாங்கங்கள் பின்பற்றியே ஆக வேண்டும் என்கிறது அரசியலமைப்பு. ஊராட்சி என்பது மாநிலத்தின் பொறுப்பு என்று அதே அரசியலமைப்பு வேறோர் இடத்தில் சொல்கிறது. ஆனாலும் கொள்கை என்று வரும்போது மாநிலத்தின் கை கட்டுண்டுவிடுகிறது.

ஆக, நம்மிடம் இரண்டு முனைகள் இருக்கின்றன. ஒரு முனையில், மூன்று ஆண்டுகளுக்கு மேல் உழைத்து எழுதிய அறிக்கைக்குக் கட்டாயப்படுத்தும் வலு துளியும் இல்லை. மறுமுனையில், ஒரு கூட்டத்தில் எடுக்கும் முடிவுக்கு முழு வலு இருக்கிறது. ஊரில் வாழும் நமக்கு இந்த இரண்டிலும் நேரடிப் பங்கு இல்லை.

நிபுணர் சொன்னால் கேட்க வேண்டாமா?

"தெரிந்தவர்கள் சொல்வதைக் கேட்டு நடந்தால் என்ன தப்பு? கவுன்சிலருக்குக் கட்டடக் கலை தெரியுமா, மண் சரிவு தெரியுமா?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

ஜார்ஜ்டவுனையே எடுத்துக்கொள்வோம். 2008 ஜூலையில் மலாக்காவோடு சேர்த்து அதுவும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. குவீன் தெருவில் 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோவிலும், லெபோ பசாரைச் சுற்றியுள்ள லிட்டில் இந்தியாவின் பழைய கடைவீடுகளும் அந்த வட்டாரத்துக்குள்தான் இருக்கின்றன. அங்கே புதுக் கட்டடங்களுக்கு 18 மீட்டர் உயர வரம்பு. பட்டியலில் இடம்பெற்ற கையோடு, பாரம்பரிய வட்டாரத்திலும் அதன் விளிம்பிலும் நான்கு தங்கும் விடுதித் திட்டங்களைப் பற்றிப் பெரும் சர்ச்சை எழுந்தது. வரம்பைத் தாண்டும் உயரத்துக்கு முன்பே அனுமதி கொடுக்கப்பட்டிருந்ததே காரணம். யுனெஸ்கோவின் நிபுணர்கள் வந்து பார்த்தார்கள். சில திட்டங்களின் உயரம் குறைந்தது. இன்று அந்த வட்டாரத்துக் கட்டட விண்ணப்பங்களைப் பார்த்து மாநகர் மன்றத்துக்குக் கருத்துச் சொல்ல ஒரு தொழில்நுட்ப ஆய்வுக் குழு இருக்கிறது.

பழைய சுவருக்குச் சுண்ணாம்பு பூச வேண்டுமா, சிமெண்டு பூசலாமா என்பதை வாக்கெடுப்பு வைத்து முடிவு செய்ய முடியாது. சிமெண்டு பூசினால் சுவருக்குள் ஈரம் அடைபட்டுச் செங்கல் உதிரும் என்பது அனுபவசாலிக்குத் தெரியும். இதில் நிபுணர் குழுவின் சொல்லுக்கு அதிக எடை தருவதுதான் அறிவு.

ஆனால் எல்லாக் கேள்வியும் சுண்ணாம்புக் கேள்வி அல்ல. பழைய கடைவீட்டில் மூன்று தலைமுறையாக மாலை கட்டி விற்கும் குடும்பம் வாடகை தாங்காமல் வெளியேறுகிறது, அந்த இடத்தில் காப்பிக் கடை வருகிறது என்று வையுங்கள். கட்டடம் காப்பாற்றப்பட்டது. குடும்பம் போய்விட்டது. இது யாருக்கு முன்னுரிமை என்ற கேள்வி. இதற்குப் பட்டம் பெற்ற நிபுணர் கிடையாது. ஊர் கூடித்தான் முடிவெடுக்க வேண்டும். தவறாக முடிவெடுத்தவரை மாற்றும் வாய்ப்பும் ஊருக்கு இருக்க வேண்டும். நிபுணரை நாம் வாக்கால் மாற்ற முடியாது. ஆகவே இறுதிச் சொல்லை அவரிடம் கொடுத்துவிடக் கூடாது.

நிபுணர் குழுவுக்கு மன்றத்தின் முடிவைத் தடுக்கும் அதிகாரம் கொடுத்தால் இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. முடிவு கசப்பாக இருந்தால் மன்றம் "குழு சொல்லிவிட்டது" என்று கை காட்டும். குழு "நாங்கள் ஆலோசகர்கள்தானே" என்று கை விரிக்கும். இருவருக்கும் நடுவில் பொறுப்பு காணாமல் போய்விடும்.

ரிம்பா கியாராவில் கிடைத்த நடுவழி

இப்போது மறுபடியும் தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலுக்கு வருவோம். ஜாலான் ஆதி நாகப்பன் உள்ள அதே தாமானில்தான் ரிம்பா கியாரா பூங்கா இருக்கிறது. கோலாலம்பூர் கட்டமைப்புத் திட்டத்தில் அது பொதுப் பசுமை இடம். 2017-இல் அதன் ஒரு பகுதியில் உயரமான ஆடம்பர அடுக்குமாடிகளும் ஒரு மலிவு விலை அடுக்குமாடியும் கட்ட அனுமதி கொடுக்கப்பட்டது. வட்டாரக் குடியிருப்பாளர்கள் நீதிமன்றம் போனார்கள். 2018-இல் உயர் நீதிமன்றத்தில் தோல்வி. 2021 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வெற்றி. 2023 ஏப்ரல் 18-ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றமும் அந்த அனுமதி செல்லாது என்று உறுதி செய்தது. தீர்ப்பை வழங்கியவர் நீதிபதி நளினி பத்மநாதன்.

கோலாலம்பூரின் நிலைமை சற்று வேறு. 1960-ஆம் ஆண்டின் கூட்டரசுத் தலைநகர்ச் சட்டத்துக்குப் பிறகு அங்கே மன்றமே இல்லை. முதலில் ஓர் ஆணையர், 1972-இலிருந்து டத்தோ பண்டார். முடிவெடுக்கும் அதிகாரம் அந்த ஒருவரிடம். பக்கத்தில் ஓர் ஆலோசனை வாரியம். பெயருக்கேற்ப அது ஆலோசனை சொல்லும், அவ்வளவுதான்.

வழக்கில் எழுந்த முக்கியக் கேள்விகளில் ஒன்று, நம் கேள்விக்கு மிக நெருக்கமானது. நகரத்துக்கென்று வகுத்து அரசிதழில் வெளியிட்ட கட்டமைப்புத் திட்டம் வெறும் வழிகாட்டியா, கட்டுப்படுத்தும் ஆவணமா? டத்தோ பண்டார் அதன் ஒவ்வொரு எழுத்துக்கும் அடிமை அல்ல, ஆனால் அதைப் புறந்தள்ளிவிடவும் முடியாது, விலகினால் தக்க காரணம் சொல்ல வேண்டும் என்ற பொருளில் நீதிமன்றம் விடையளித்தது. ஆட்சேபம் சொன்ன மக்களுக்கும் அந்தக் காரணத்தைத் தெரிவிக்க வேண்டும் என்பது அதன் உட்பொருள்.

வழக்கு ஒரு திட்ட ஆவணத்தைப் பற்றியது, ஆணையத்தைப் பற்றியது அல்ல. ஆனாலும் நாம் தேடும் நடுவழி இதுதான் என்று எனக்குப் படுகிறது. ஆலோசனை என்பது கட்டளை அல்ல. அதைக் குப்பைக் காகிதமாகவும் நடத்தக் கூடாது. ஏற்கலாம், மறுக்கலாம். மறுத்தால் எழுத்தில் காரணம் சொல். அந்தக் காரணம் ஊரார் முன் நிற்குமா என்று பார்ப்போம்.

யாருடைய குரல் ஆலோசனை ஆகிறது?

அதே ரிம்பா கியாராவில் இன்னொரு கதையும் இருக்கிறது. நாம் அதைக் கடந்து போய்விட முடியாது. பூங்காவை ஒட்டி, வரிசை வீடுகளில், பழைய புக்கிட் கியாரா தோட்டத்துக் குடும்பங்கள் வாழ்கின்றன. பால்மரம் சீவியவர்களின் பிள்ளைகள், பேரப் பிள்ளைகள். பெரும்பாலோர் தமிழர்கள். தோட்டத்தை அரசாங்கம் எடுத்த பிறகு 1980-களில் தற்காலிகம் என்று சொல்லிக் கொடுத்த இடம் அது. அந்தத் தற்காலிகம் ஒரு தலைமுறையைத் தாண்டிவிட்டது. கட்டப்படவிருந்த மலிவு விலை அடுக்குமாடி இவர்களுக்கும் சேர்த்துத்தான் என்று சொல்லப்பட்டது.

பூங்கா பிழைத்தால் வீடு போய்விடுமா? வீடு வந்தால் பூங்கா போய்விடுமா? இரண்டு நியாயங்களை இப்படி மோத விட்டது திட்டம் போட்ட விதம்தான். ஆடம்பர அடுக்குமாடி இல்லாமலேயே அந்தக் குடும்பங்களுக்கு வீடு கட்டித் தரலாம் என்ற குரலும் குடியிருப்பாளர்களிடமிருந்தே எழுந்தது.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. ஆலோசனைக் குழு அமைத்தால் அதில் யார் அமர்வார்கள்? கடிதம் எழுதத் தெரிந்தவர்கள், வழக்கறிஞரைத் தெரிந்தவர்கள், வேலை நாளில் இரண்டு மணி நேரம் ஒதுக்க முடிந்தவர்கள். வரிசை வீட்டுப் பாட்டியோ, இரவு வேலைக்குப் போகும் காவலாளியோ அமரப் போவதில்லை. குழுவின் அதிகாரம் கூடக் கூட, ஏற்கெனவே குரல் உள்ளவர்களின் குரலே இன்னும் ஓங்கும். வாக்கு அப்படி அல்ல. அந்தப் பாட்டிக்கும் ஒன்று, வழக்கறிஞருக்கும் ஒன்று. ஆணையங்களுக்குத் தடுப்பு அதிகாரம் வேண்டாம் என்பதற்கு நான் காணும் மிக வலுவான காரணம் இதுதான்.

எப்படி இருக்கலாம்?

சுருக்கமாகச் சொன்னால், ஓர் ஆலோசனை ஆணையத்துக்கு நான்கு பலம் வேண்டும். அதற்கு மேல் வேண்டாம்.

ஒன்று, தகவல் பெறும் பலம். கோப்பைக் கேட்டால் மன்றம் கொடுக்க வேண்டும். அரைகுறைத் தகவலை வைத்துச் சொல்லும் ஆலோசனை அரைகுறையாகத்தான் இருக்கும்.

இரண்டு, வெளியிடும் பலம். ஆணையம் சொன்னது மன்றத்துக்குப் போகும் அதே நாளில் மக்களுக்கும் போக வேண்டும். ஆதி நாகப்பன் அறிக்கைபோல் காத்துக் கிடக்கக் கூடாது.

மூன்று, பதில் கேட்கும் பலம். குறிப்பிட்ட நாள்களுக்குள் மன்றம் எழுத்தில் பதில் தர வேண்டும். பதில் வரும்வரை அந்த முடிவு நடைமுறைக்கு வரக் கூடாது.

நான்கு, தன் உறுப்பினர்கள் யார் என்பதில் சுத்தம். திட்டத்தில் பணம் போட்டவரோ, அவருக்கு வேண்டியவரோ அந்த மேசையில் இருக்கக் கூடாது. அந்த முடிவால் வீடு இழக்கக்கூடியவர் ஒருவராவது இருக்க வேண்டும்.

இவ்வளவும் கொடுத்த பிறகு இறுதி முடிவை மன்றம் எடுக்கட்டும். அடுத்த தேர்தலில் மக்கள் அந்த மன்றத்துக்கு மதிப்பெண் போடட்டும்.

ஆனால் தேர்தல் எங்கே?

இங்கேதான் நம் கணக்கு இடிக்கிறது. மேலே சொன்ன ஏற்பாடு முழுவதும் மன்றம் தேர்ந்தெடுக்கப்பட்டது என்ற அடித்தளத்தில் நிற்கிறது. நம் மன்றங்களோ நியமிக்கப்பட்டவை. 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு மன்றத்தில் எட்டிலிருந்து 24 உறுப்பினர்கள் வரை இருக்கலாம். மாநில அரசாங்கம் நியமிக்கும். தவணை மூன்று ஆண்டுக்கு மிகாது. அவர்களில் பெரும்பாலோர் அந்த வட்டாரத்தில் வசிப்பவர்களாக இருக்க வேண்டும், ஊராட்சி அனுபவமோ தொழில் சிறப்போ சமூகத்தைப் பிரதிநிதிக்கும் தகுதியோ பெற்றிருக்க வேண்டும் என்கிறது சட்டம். நன்றாக வாசித்துப் பாருங்கள். ஓர் ஆலோசனைக் குழுவுக்கு எழுதிய தகுதிப் பட்டியல் போலவே இருக்கிறது அல்லவா?

பினாங்கு மாநிலம் 2012-இல் ஊராட்சித் தேர்தலுக்குத் தனிச் சட்டம் இயற்றியது. 2014 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று தீர்ப்பளித்தது. 2018-இல் ஆட்சி மாறியபோது மீண்டும் பேச்சு எழுந்தது. ஊராட்சித் தேர்தல் இனப் பிளவை வளர்க்கும் என்று கூறி அன்றைய பிரதமர் மகாதீர் அந்த ஆண்டு டிசம்பரில் கதவை மூடினார்.

அந்த அச்சத்தை ஏளனம் செய்ய வேண்டியதில்லை. நகரங்களில் ஓர் இனத்தவர் அதிகம், புறநகரில் வேறோர் இனத்தவர் அதிகம் என்பது உண்மை. சிறுபான்மையான நமக்கும் அதில் ஒரு கவலை உண்டு. நியமனத்தில் "ஓர் இந்தியர்" என்று ஓரிடம் ஒதுக்குகிறார்கள். தேர்தல் வந்தால் அது கிடைக்குமா? கிடைக்காமல் போகலாம். ஆனால் இராமநாதனை ஜார்ஜ்டவுனின் மேயராக்கியது ஒதுக்கீடு அல்ல. அந்த மாநகரில் தமிழர் பெரும்பான்மையும் அல்லர். தேர்தல் முறையை வகுக்கும்போதே சிறுபான்மையினருக்கு வாய்ப்புத் தரும் ஏற்பாடுகளைச் செய்ய முடியும். அதற்குத் தேர்தலே வேண்டாம் என்பது, தலைவலிக்கு வைத்தியம் தேடாமல் தலையணையை எறிவதுபோல.

அதுவரை நாம் செய்யக்கூடியது

தேர்தல் எப்போது வரும் என்று தெரியாது. ஆனால் பதில் கேட்கும் உரிமை ஓரளவு ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது. பயன்படுத்துவோர்தான் குறைவு.

ஊராட்சி மன்றத்தின் முழுக் கூட்டம், மன்றம் தீர்மானம் போட்டுத் தடுத்தாலன்றி, பொதுமக்களுக்கும் பத்திரிகைகளுக்கும் திறந்தது. போய் உட்காரலாம். கூட்டக் குறிப்புகளை வரி கட்டுவோர் பார்க்கலாம். உள்ளூர்த் திட்ட வரைவு வெளியாகும்போது ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாம். தீபகற்பத்தில் கோலாலம்பூர் போன்ற கூட்டரசுப் பிரதேசங்களுக்குத் தனிச் சட்டம். மற்ற இடங்களில், உள்ளூர்த் திட்டம் இல்லாத பகுதியில் மேம்பாட்டு விண்ணப்பம் வந்தால் பக்கத்து நில உரிமையாளர்களுக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும். அறிவிப்பு கிடைத்த 21 நாள்களுக்குள் ஆட்சேபிக்கலாம். அந்தக் கடிதம் மலாய் மொழியில், அரசாங்க உறையில் வரும். வரி பில் என்று நினைத்து மேசை இழுப்பறையில் போட்டுவிடாதீர்கள்.

உங்கள் வட்டாரத்துக் கவுன்சிலர் யார் என்று இந்த வாரமே தேடிப் பாருங்கள். பெயர் தெரிந்தால் ஒரு கடிதம் எழுதுங்கள். குழந்தைகள் விளையாடும் திடலைப் பற்றியோ, மழை பெய்தால் நிரம்பும் கால்வாயைப் பற்றியோ, எதைப் பற்றியும் இருக்கட்டும். கடைசி வரியில் "தயவு செய்து எழுத்தில் பதில் தரவும்" என்று சேருங்கள். வராவிட்டால் மறுபடியும் எழுதுங்கள்.

ஆதி நாகப்பனும் இராமநாதனும் எழுதிய அறிக்கையின் தேர்தல் பரிந்துரை அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் காத்திருக்கிறது. அவர்கள் பெயரைச் சாலைக்கு வைத்தோம். அவர்கள் சொன்ன ஆலோசனைக்கு நாம் இன்னும் பதில் சொல்லவில்லை.